கல்லடியில் எடுத்த இரத்தமும் கொழும்பிலிருந்து வந்த பதிலும்

கடந்த மாரியில் மாமாவுக்குக் காய்ச்சல். படுவான்கரையில் அவருக்கு வயல். பசளை எறியப் போய் இரண்டு நாள் வாடியில் தங்கியவர், கல்லடிக்குத் திரும்பி வந்து எழும்ப முடியாமல் கிடந்தார். கண் சிவந்திருந்தது, கெண்டைக்காலில் கை வைக்க விடவில்லை. டெங்குக்கான என்எஸ்1 பரிசோதனை முடிவு அரை மணித்தியாலத்தில் வந்தது: டெங்கு இல்லை. எலிக்காய்ச்சலா என்று பார்க்க எடுத்த இரத்தம் கொழும்புக்குப் போனது.

வைத்தியர் அதற்காகக் காத்திருக்கவில்லை. “வயலுக்குப் போனவரா?” என்று கேட்டார், அன்றே நுண்ணுயிர்க்கொல்லியைத் தொடங்கிவிட்டார். அதுதான் சரியான முறையும்கூட. ஆறாம் நாள் தொலைபேசியில் முடிவு வந்தபோது மாமா திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். “இப்ப என்னத்துக்கு மகன் அது?” என்றார்.

ஒரே கையில் எடுத்த இரத்தம். ஒரு நோய்க்கு அரை மணித்தியாலம், மற்றதற்கு ஆறு நாள். டெங்கு வைரஸ் உடலில் பெருகும்போது என்எஸ்1 என்ற புரதத்தை இரத்தத்தில் தாராளமாகக் கொட்டுகிறது. ஒரு பட்டி அதைப் பிடித்துக் கோடாகக் காட்டிவிடும். எலிக்காய்ச்சலில் அப்படி இல்லை. முதல் வாரத்தில் பக்டீரியா இரத்தத்தில் இருக்கும், ஆனால் சொற்பமாக. அதன் டிஎன்ஏயைக் காண பிசிஆர் மூலம் பல மடங்கு பெருக்க வேண்டும். உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையென்றால், அது தென்படவே ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். சிகிச்சை அதிகம் பயன்தரும் நாட்களில்தான் பதில் இல்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தபோது அதை முதலில் இனந்தெரியாத காய்ச்சல் என்றார்கள். எலிக்காய்ச்சல் என்பது பிறகுதான் உறுதியானது. 2008 இல் இந்த நோய் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது.

இந்த இடைவெளியை டிரான்சிஸ்டர் நிரப்பும் என்று சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எங்கள் வீட்டில் டிரான்சிஸ்டர் என்றால் அம்மப்பாவின் ரேடியோ. இது அதற்குள் இருந்த அந்தச் சின்னப் பொருள்தான், வேறு வேலைக்கு வந்திருக்கிறது. டிரான்சிஸ்டரை வாய்க்கால் மதகாக நினைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டம் தண்ணீர், ‘கேற்’ என்ற பகுதி மதகுப் பலகை. அதன்மேல் மின்னேற்றம் சற்று மாறினாலும் ஓட்டம் கூடும் அல்லது குறையும். அந்தப் பலகையின் மேல் ஒரு எதிர்ப்பொருளையோ ஒற்றை இழை டிஎன்ஏயையோ ஒட்டிவைத்தால், அதற்குப் பொருத்தமான புரதம் அல்லது டிஎன்ஏ வந்து ஒட்டும்போது தன் மின்னேற்றத்தையும் கொண்டுவரும். ஓட்டம் மாறும், மாற்றம் எண்ணாகத் தெரியும். சாயமும் வேண்டாம், கண்ணால் கோடு பார்க்கவும் வேண்டாம்.

யோசனை பழையது. நெதர்லாந்தின் பியட் பெர்க்வெல்ட் 1970 இலேயே அயன்களை உணரும் டிரான்சிஸ்டரை அறிமுகப்படுத்தினார். டிஎன்ஏ இழை வளரும்போது வெளிவரும் ஐதரசன் அயனை இத்தகைய டிரான்சிஸ்டர்களால் பிடித்து, மரபணு வரிசையை வாசிக்கும் இயந்திரத்தை ஜொனதன் ரொத்பேர்க்கின் அயன் டொரன்ட் நிறுவனம் கொண்டுவந்தது. 2011 இல் அதைக் காட்ட அவர்கள் வாசித்தது, இன்டெல்லை நிறுவியவர்களில் ஒருவரான கோர்டன் மூரின் மரபணுவை. 2019 இல் கியானா ஆரன் குழுவினர் கிராபீன் டிரான்சிஸ்டரையும் கிரிஸ்பரையும் சேர்த்து, டுஷென் தசைநலிவு நோயாளிகளின் டிஎன்ஏயில் உள்ள குறையைப் பெருக்காமலே கால் மணித்தியாலத்தில் கண்டார்கள். 2020 ஏப்ரலில் தென்கொரிய ஆய்வாளர்கள் கொரோனா வைரஸின் முட்புரதத்தைக் கிராபீன் டிரான்சிஸ்டரால் பிடித்ததாக அறிவித்தார்கள்.

அப்படியென்றால் ஏன் கொரோனா காலத்தில் நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை? மூக்கில் குச்சி விட்டார்கள், பிசிஆர் செய்தார்கள், பிறகு கோடு காட்டும் பட்டி வந்தது. டிரான்சிஸ்டர் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வரவில்லை.

பெரிய காரணம் உப்பு. வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கலங்கல் தண்ணீரில் விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் ஒரு சாண் தூரம்கூடப் போகாது. இரத்தத்தில் உள்ள உப்பு அயன்கள் மின்னேற்றத்துக்கு அதைத்தான் செய்கின்றன. மின்னேற்றம் உள்ள எதையும் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. இரத்தத்தின் உப்பில் டிரான்சிஸ்டரால் உணரக்கூடிய தூரம் ஒரு நானோமீற்றருக்கும் குறைவு. எதிர்ப்பொருளின் நீளமோ ஏறத்தாழ பத்து நானோமீற்றர். அதன் நுனியில் வந்து ஒட்டும் புரதம் உணரியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. இதனால்தான் பல ஆய்வுகளில் மாதிரியை உப்புக் குறைந்த கரைசலால் ஐதாக்குகிறார்கள், அல்லது எதிர்ப்பொருளுக்குப் பதிலாகக் குட்டையான மூலக்கூறுகளை ஒட்டுகிறார்கள். ஐதாக்கும் வேலை வந்தவுடன், விரலில் குத்திய ஒரு துளி போதும் என்ற வாக்குறுதி ஆட்டம் காண்கிறது. திரவத்தில் இருக்க இருக்க டிரான்சிஸ்டரின் அளவீடு தானாகவே நகர்வதும், இரத்தத்தின் மற்றப் புரதங்கள் வந்து அப்பிக்கொள்வதும் தனித் தலையிடிகள்.

‘அற்புதச் சில்லு’ என்று செய்தி வரும்போது, எதில் சோதித்தார்கள் என்று பார்க்கப் பழகியிருக்கிறேன். தூய கரைசலிலா, இரத்தத்திலா? பெரும்பாலான செய்திகளில் அந்த வரி இருப்பதில்லை. நாங்கள் ஊடகக்காரர் கேட்பதுமில்லை.

இரண்டாவது விடயம் பணம். அம்மாவுக்குச் சீனி வருத்தம். அவரது சீனி பார்க்கும் கருவி 2022 இல் பல மாதங்கள் அலுமாரியில் கிடந்தது. கருவி பழுதில்லை. அதில் செருகும் பட்டியின் விலைதான் எங்கள் கைக்கு எட்டவில்லை. அந்த வருடம் டொலர் இல்லாமல் வைத்தியசாலைகளே மருந்துக்கும் பரிசோதனை இரசாயனங்களுக்கும் தடுமாறின. டிரான்சிஸ்டர் உணரியிலும் கருவி வீட்டில் நிற்கும், எதிர்ப்பொருளோ டிஎன்ஏயோ ஒட்டிய சில்லு ஒவ்வொரு முறையும் புதிதாக வேண்டும். அது குளிரில் இருக்கவேண்டுமானால், டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரம் போகும் ஊர்களில் என்ன செய்வது?

இலங்கையில்தான் காரீயம் இருக்கிறதே, கிராபீன் அதிலிருந்துதானே வருகிறது என்று சிலர் சொல்வார்கள். போகலவிலும் கஹட்டகஹவிலும் எடுக்கப்படும் காரீயம் தூய்மைக்குப் பேர்போனது, உண்மை. ஹோமாகமவில் உள்ள ஸ்லின்டெக் நிறுவனம் கிராபீனில் வேலை செய்கிறது. ஆனால் நுண்ணிய டிரான்சிஸ்டருக்கான கிராபீன் தாளைப் பெரும்பாலும் மீதேன் வாயுவிலிருந்து செப்புத் தகட்டின் மேல் வளர்க்கிறார்கள். சுரங்கம் இருப்பதால் சில்லு வந்துவிடாது. காரீயத்திலிருந்து பெறும் கிராபீன் ஒக்சைட்டைக் கொண்டும் உணரிகள் செய்யலாம் என்பதால் அந்தக் கதவு முழுதாக மூடவுமில்லை. பிராந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. முக்கியமாக, எங்கள் வயல்களில் பரவும் பக்டீரியா வகைகளுக்கும் எங்கள் நோயாளிகளின் இரத்தத்துக்கும் உணரி பதில் சொல்கிறதா என்று பார்ப்பது. வேறு நாட்டில் தேறியது இங்கே தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சில்லு வரும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொரோனாவின் பெயரால் பிசிஆர் இயந்திரங்கள் கொழும்புக்கு வெளியேயும் வந்தன, மட்டக்களப்புக்கும் வந்தது. எலிக்காய்ச்சலின் டிஎன்ஏயைத் தேடுவதற்கும் அதே வகை இயந்திரம் போதும். வேண்டியது அதற்கான இரசாயனமும், பெரும்போகம் முடியும்வரை அந்த வேலையைப் பார்க்க ஆளும். மாவட்டச் சுகாதாரக் கூட்டங்களில் வைக்கவேண்டிய கோரிக்கை இது.

மாமா இந்தப் போகத்துக்கும் விதைத்துவிட்டார். முன்கூட்டியே போடும் டொக்சிசைக்கிளின் மாத்திரையை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்கச் சொன்னேன். வாங்கியிருக்கிறார். போடுகிறாரா என்று இந்தக் கிழமை போய்ப் பார்க்கவேண்டும்.