உலைவாயில் போகும் செல்வம்

பழைய தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டில் ஜோஸையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்து இரும்புக்கல் அங்கே உருக்கப்பட்டது. உலைக்கு வேண்டிய கரிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. காடு குறையக் குறையக் கரி கிடைப்பது அரிதாயிற்று. அந்நூற்றாண்டு முடியுமுன்பே ஆலை மூடப்பட்டது. எரிபொருளின் அருமையை மறந்த தொழில் நிலைபெறாது என்னும் பாடத்தை, அனந்தபுரத்திலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள நம் அன்பர்கள் தூரதேசம் சென்று கற்க வேண்டுவதில்லை.

இன்று உருக்கு உற்பத்தியில் பாரத தேசம் உலகில் இரண்டாமிடம் வகிக்கின்றது. 2017-இல் வகுக்கப்பட்ட தேசிய உருக்குக் கொள்கை, 2030-31-க்குள் ஆண்டுக்கு 30 கோடி டன் உருக்கு வார்க்கும் திறனை நாடுகின்றது. மகிழத்தக்க நோக்கமே. ஆயினும் அவ்வுலைகளினின்று வெளிப்படும் வாயுக்களை யாது செய்யப் போகிறோம்?

ஊதுலை வாயுவில் ஏறத்தாழப் பாதி நைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி கார்பன் மோனாக்சைடும் கரியமில வாயுவுமாம். கோக் சூளை வாயுவிலோ பாதிக்கு மேல் ஹைட்ரஜன் உண்டு. இவற்றை எரித்து வெப்பமும் மின்சாரமும் பெறுவது ஆலைகளின் வழக்கம். எரிந்தபின் கரி அனைத்தும் வானில் கலந்துவிடுகின்றது. எரிக்காமல் பிரித்தெடுப்பின், ஹைட்ரஜனிலிருந்து அம்மோனியாவும், அதனோடு கரியமில வாயு சேர்ந்தால் யூரியாவும், கார்பன் மோனாக்சைடிலிருந்து மெதனாலும் எத்தனாலும் கிடைக்கும். உரத்திற்கும் மெதனாலுக்கும் அந்நிய நாடுகளை எதிர்நோக்கும் தேசத்திற்கு இது சிறு காரியமன்று.

இது வெறுங்கனவுமன்று. ரூர்கேலாவில் கோக் சூளை வாயுவின் ஹைட்ரஜனைக் கொண்டு 1960-களிலேயே உரம் செய்தனர். ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 2018-இல் உருக்காலை வாயுவிலிருந்து மெதனால் எடுத்தனர். பெல்ஜியத்தின் கென்ட் நகரில், நுண்ணுயிர்களைக் கொண்டு அவ்வாயுவை எத்தனாலாக்கும் ஆலை 2022-இல் திறக்கப்பட்டது. நம் ஜாம்ஷெட்பூரிலும் 2021-இல் டாடா ஆலையார் ஊதுலை வாயுவிலிருந்து நாளொன்றுக்கு 5 டன் கரியமில வாயுவைப் பிரிக்கும் கருவியை அமைத்தனர். முயற்சி போற்றத்தக்கது, அளவோ யானைப் பசிக்குச் சோளப்பொரி.

செலவு மிகுதி என்பர் சிலர். மெய்யே. வாயுவைப் பிரிக்க வெப்பம் வேண்டும். வாயுவை எடுத்துவிட்டால் ஆலையின் மின்சாரத்திற்கு வேறு வழி தேட வேண்டும். அதற்கு நிலக்கரியையே எரித்தால் பயன் யாது? காற்றும் கதிரவனும் தரும் மின்சாரத்தை உருக்காலைகளுக்கு அளித்தாலன்றி இக்கணக்கு நேராகாது. உரமும் எத்தனாலும் ஆன கரி இறுதியில் வானுக்கே திரும்பும் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஒரே கரி இருமுறை உழைத்தால், இரண்டாம் முறைக்கென எரியும் எண்ணெயும் எரிவாயுவும் மிஞ்சுமன்றோ?

ஓர் ஊதுலையை ஒருமுறை மூட்டினால் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓயாது எரியும். கட்டி முடித்தபின் குழாய்க்கும் கருவிக்கும் இடம் தேடுவது வெள்ளம் வந்தபின் அணை போடுவதாகும். ஆகையால் வாயுவை மீட்கும் ஏற்பாடு இல்லாத புதிய உலைக்கு அனுமதியில்லை என்று சர்க்கார் இப்பொழுதே விதிக்க வேண்டும். அவ்வாறு செய்யும் உரத்தையும் எத்தனாலையும் நியாய விலைக்குக் கொள்வதாக உறுதியும் தர வேண்டும். தேச ஊழியர்கள் தத்தம் பிரதிநிதிகளிடம் இக்கேள்வியை எழுப்புவார்களாக. பரங்கிப்பேட்டை உலை காட்டை விழுங்கி அவிந்தது. வருங்கால உலைகள் வானத்தைக் கெடுத்து அவியாதிருக்க வழி செய்வது நம் கடன்.