சகோதரர் வீட்டில் புகைச்சல்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. மாணவர்கள் சேர்ந்து சங்கம் வைப்பார்கள். சங்கத்துக்குக் கிரேக்க எழுத்துக்களால் பெயர் சூட்டுவார்கள். பிறகு ஒரே வீட்டில் கூடி வாழ்வார்கள். ஆண்கள் சங்கத்துக்கு 'பிரட்டர்னிட்டி' என்று பெயர். அதாவது, சகோதரர் சங்கம். பெண்கள் சங்கம் 'சொராரிட்டி', சகோதரிகள் சங்கம். ஒரே சமையல், ஒரே கூடம், மாடி முழுவதும் படுக்கை அறைகள்.

இந்த வீட்டுக்குள் சிகரெட் பிடிக்கலாமா, கூடாதா?

சின்னக் கேள்விதான். ஆனால், அதில் 5 உயிர்கள் போயிருக்கின்றன.

வடக்கு கரோலினா மாநிலத்தில் சாப்பல் ஹில் என்று ஓர் ஊர். பெரிய பல்கலைக் கழகம் உள்ள ஊர். 1996-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று அங்கே பட்டமளிப்பு விழா. அமெரிக்கர்கள் அன்னையர் தினம் கொண்டாடுவதும் அதே நாளில்தான். முதல் நாள் இரவு ஒரு சகோதரர் சங்க வீட்டில் விருந்து நடந்தது. விருந்து முடிந்து எல்லோரும் தூங்கினார்கள். விடிந்த வேளையில் வீடு தீப்பற்றிக் கொண்டது. மாணவர்கள் 5 பேர் மாண்டார்கள். பெற்றோர்கள் விழாவுக்கு ஊர் வந்து சேர்ந்த நாளில் இந்தக் கோரம்!

தீ எங்கே பிறந்தது? அடித்தளத்தில், மதுபானம் வைத்திருந்த இடத்தில். சரியாக அணைக்காமல் எறிந்த சிகரெட்தான் காரணம் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள்.

சிகரெட் நெருப்பு திருட்டு நெருப்பு. உடனே எரியாது. சோபாவின் மெத்தைக்குள் விழுந்தால், அல்லது குப்பைக் காகிதத்தில் விழுந்தால், உள்ளுக்குள்ளேயே கனன்று கொண்டிருக்கும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பிடித்தவன் அதற்குள் மாடிக்குப் போய்த் தூங்கி விடுவான். பிறகுதான் ஜுவாலை கிளம்பும். அதற்கு முன்பே புகை மாடிக்கு ஏறி விடும். தூங்குகிறவனை நெருப்பு தொட வேண்டியது இல்லை. புகையே போதும்.

முன்பு இந்த வீடுகளில் சிகரெட் ராஜ மரியாதையுடன் இருந்தது. புதிய மாணவர்களைச் சங்கத்துக்கு இழுக்க நடத்திய விருந்துக்கே 'ஸ்மோக்கர்' என்று பெயர்! சிகரெட் கம்பெனிகள் மாணவர்களுக்கு இலவசமாகப் பெட்டி கொடுத்தன. கல்லூரிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தன. 1963-ல்தான் அந்த விளம்பரங்களை நிறுத்திக் கொண்டன. மறு ஆண்டு, 1964-ல், புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்று அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை வெளியிட்டார்.

இன்று பல பல்கலைக் கழகங்கள் தங்கள் எல்லைக்குள் புகையிலையையே தடை செய்து விட்டன. மிச்சிகன் பல்கலைக் கழகம் 2011-ல் புகைக்குத் தடை போட்டது. ஆனால், பல சங்க வீடுகள் பல்கலைக் கழகத்துக்குச் சொந்தம் அல்ல. பழைய மாணவர்கள் கூடி வாங்கிய தனியார் சொத்து. கல்லூரியின் சட்டம் தெருவின் இந்தப் பக்கத்தோடு நின்று விடுகிறது. அந்தப் பக்கம், அந்த வீட்டுக்காரர்கள் வைத்ததுதான் சட்டம்.

சகோதரிகள் வீடுகளில் கெடுபிடி அதிகம். அங்கே கண்காணிக்க ஓர் அம்மாள் உடன் தங்குவது பழைய வழக்கம். ஆண்கள் வீடுகளிலோ, சட்டம் போடுகிறவனும் மாணவன், மீறுகிறவனும் மாணவன். இருவரும் ஒரே அறை நண்பர்களாகவும் இருப்பார்கள்!

"வாடகை நாங்கள் கொடுக்கிறோம். எங்கள் அறையில் நாங்கள் பிடித்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். அறை அவர்களுடையதாக இருக்கலாம். கூரை எல்லோருக்கும் பொது. அந்த வீட்டில் சமைக்கிறவரும், பெருக்குகிறவரும் அதே காற்றைத்தானே சுவாசிக்கிறார்கள்? அவர்களை யாரும் யோசனை கேட்பது இல்லை.

"புகைபிடிக்கத் தனி அறை ஒதுக்கினால் போதாதா?" என்பது அடுத்த வாதம். போதாது. 2006-ல் வந்த அரசாங்க மருத்துவ அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லி விட்டது. தனி அறை வைத்தாலும், காற்றாடி ஓட்டினாலும், பிறர் விட்ட புகையை முழுவதும் தடுக்க முடியாது. புகைக்குக் கதவு தெரியாது.

சாப்பல் ஹில் நகரசபை ஒரு நல்ல காரியம் செய்தது. தீப்பிடித்தால் கூரையில் இருந்து தானாகவே தண்ணீர் பொழியும் குழாய்களை, எல்லா சங்க வீடுகளிலும் 5 ஆண்டுகளுக்குள் வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எரிந்த வீட்டில் அந்தக் குழாய்கள் இல்லை. தண்ணீர்க் குழாய் தீயை அடக்கும். ஆனால் நுரையீரலுக்குள் போன புகையை அது என்ன செய்யும்? ஆகவே இரண்டும் வேண்டும். குழாயும் வேண்டும், "வீட்டுக்குள் சிகரெட் கூடாது" என்ற விதியும் வேண்டும். விருந்துக்கு வருகிறவர்களுக்கும் அதே விதிதான். வாசலிலேயே சொல்லி விட வேண்டும். சங்கத் தலைவனே மீறினாலும், நேற்றுச் சேர்ந்த பையன் தட்டிக் கேட்க இடம் இருக்க வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. வட மாநிலங்களில் குளிர் காலத்தில் முழங்கால் அளவு பனி கிடக்கும். "வெளியே போ" என்று மட்டும் சொன்னால், ஜன்னல் ஓரத்தில் ஒளிந்து கொண்டு பிடிப்பார்கள். அது இன்னும் ஆபத்து. சுவரில் இருந்து தள்ளி, சின்னக் கூரை போட்டு, ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்கட்டும். இரும்பு வாளியில் மணல் வைக்கட்டும். வீட்டில் கழித்த பழைய சோபாவை மட்டும் அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டாம்.