கோதாவரிக்கு வருஷம் ஜூனில் பிறக்கிறது

கடல் ஆராய்ச்சிப் பயணம் என்றதும் ஆழ்கடல், திமிங்கலம், டைட்டானிக் என்று என்னென்னவோ ஞாபகம் வரும். அப்படி ஒரு பயணத்தைத் திட்டமிடுகிற ஆளுக்கு மட்டும் முதலில் ஞாபகம் வருவது கப்பலின் ஒரு நாள் செலவு! மாலுமிகள் சம்பளம், சாப்பாடு, இன்சூரன்ஸ், பராமரிப்பு... கப்பல் வேலை செய்தாலும் சும்மா நின்றாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். டீசல்தான் கொஞ்சம் மிச்சமாகும். காமர்ஸ் மக்களுக்கு விளக்கவே வேண்டாம், சாட்சாத் ஃபிக்ஸட் காஸ்ட்.

அதனால் ஒரு நாள்கூட வீணாகாத மாதமாகப் பார்த்துப் போகலாம் என்று தோன்றுவது இயற்கை. வங்காள விரிகுடாவில் பிப்ரவரி, மார்ச் அப்படிப்பட்ட மாதங்கள். கடல் அடங்கிக் கிடக்கும், புயல் பயம் குறைவு, வாந்தியும் குறைவு. குறித்து வைத்த எல்லா இடத்திலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு சொன்ன தேதியில் துறைமுகம் திரும்பிவிடலாம். கணக்கில் எல்லாம் பளிச்.

ஆனால் ஆராய வந்தது ஆறு கலக்கும் கரையோரத்தை என்றால் இங்கேதான் உதைக்கிறது.

கோதாவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு கடலில் கொட்டும் தண்ணீரில் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபருக்குள் வந்துவிடும். கோடையில் தவளேஸ்வரம் அணைக்கட்டைத் தாண்டி நன்னீர் வருவதே அபூர்வம். விசாகப்பட்டினத்தில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவன மையத்து விஞ்ஞானிகள் கௌதமி கோதாவரி முகத்துவாரத்தில் 18 மாதம் விடாமல் அளந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவின் அழுத்தம் வறண்ட மாதங்களில் 500 மைக்ரோ அட்மாஸ்ஃபியருக்கும் கீழே. வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய 30,000! அறுபது மடங்குக்கும் மேல். ஆறு அடித்துக்கொண்டு வரும் மட்கிய பொருளையெல்லாம் பாக்டீரியாக்கள் தின்று மூச்சு விட்டதன் விளைவு அது.

மார்ச்சில் மட்டும் போய்வந்த கப்பல் என்ன சொல்லியிருக்கும்? "ரொம்ப சமர்த்தான ஆறு" என்று சர்டிஃபிகேட் கொடுத்திருக்கும். அந்த எண்தான் பிறகு நாட்டின் கார்பன் கணக்கிலும் ஏறி உட்காரும். ஒரு நாள்கூட வீணாகாத அந்தப் பயணத்தில் மொத்தப் பணமும் வீண்.

"மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்குமே, ஆட்கள் உயிர் முக்கியமில்லையா?" நியாயமான கேள்வி. ஆனால் கொஞ்சம் யோசித்தால், சாகர் கன்யா மாதிரி 100 மீட்டர் நீளக் கப்பல் மணல் திட்டு நிறைந்த முகத்துவாரத்துக்குள் கோடையிலும் நுழைய முடியாது. கப்பல் வெளியே, கலங்கல் நீரும் நீலநீரும் சந்திக்கும் இடத்தில் நிற்கட்டும். உள்ளே வேலை செய்ய அந்த ஊர் மீனவர்களின் மோட்டார் படகு வேண்டும், அதே வாரத்தில். அதுவும் ஒரு தடவை பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஓடிவந்தால் போதாது. ஏற்றமும் வற்றமுமாகச் சுமார் பன்னிரண்டரை மணி நேரம் அங்கேயே கிடந்து எடுக்க வேண்டும். எடுத்ததைச் சில மணி நேரத்துக்குள் வடிகட்டி உறைய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே நுண்ணுயிர்கள் விருந்து முடித்துவிடும். படகு வாடகை, ஐஸ் பெட்டி, கரையில் ஒரு ஃப்ரீசர்... கப்பலின் ஒரு நாள் செலவுக்கு முன்னால் இதெல்லாம் கொசுறு. ஆனால் முதல் பட்ஜெட் தாளிலேயே எழுதாவிட்டால் கடைசியில் இதற்குத்தான் காசு இருக்காது!

இரண்டு முறை போனால் கருவிகளை ஏற்றி இறக்கும் செலவும் இரட்டிப்பாகும், உண்மைதான். அதற்குத் தண்ணீர் எடுக்கும் இடங்களைப் பாதியாகக் குறைக்கலாம். மொத்தம் 10 நாள்தான் கப்பல் கிடைக்கும் என்றால் மார்ச்சில் 4, ஆகஸ்டில் 6. அந்த ஆறில் 2 நாள் காற்றுக்கும் மழைக்கும் என்று முன்கூட்டியே எழுதிவிடலாம், ஆடிட்டர் முறைத்தாலும் பரவாயில்லை.