பழகிவிட்டதா, விட்டுவிட்டதா?

வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவி ஒருத்தி, கணினியில் தனக்கு நல்ல பழக்கம் உண்டு என்று சொல்ல நினைத்து, 'ஐ யூஸ்ட் டு வேர்க் வித் கம்ப்யூட்டர்ஸ்' என்று எழுதுகிறாள் என வைத்துக்கொள்வோம். வாசிப்பவருக்குக் கிடைக்கும் பொருள் என்ன? 'முன்பு கணினியில் வேலை செய்தேன், இப்போது இல்லை.' தகுதியைச் சொல்ல வந்த வாக்கியமே அதை மறுத்துவிடுகிறது.

'யூஸ்ட் டு' என்ற தொடரின் பின் வினைச்சொல் நேராக வந்தால், அது விட்டுப்போன பழைய வழக்கம். 'ஐ யூஸ்ட் டு வோக் டு ஸ்கூல்' என்றால், முன்பு நடந்து போனேன், இப்போது அப்படியில்லை. தொடருக்கு முன்னால் 'ஏம்', 'இஸ்', 'ஆர்' போன்ற ஒன்று வந்து, பின்வரும் வினை 'இங்' ஏற்றால், பழகிப்போனது என்று பொருள். 'ஐ ஏம் யூஸ்ட் டு வோக்கிங் இன் த மிஸ்ட்': பனிமூட்டத்தில் நடந்து பழகியவள். நுவரெலியாப் பிள்ளைக்கு இந்த வாக்கியம் நன்றாகவே பொருந்தும்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'நடப்பதற்குப் பழகிவிட்டேன்' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். 'நடப்பது' தொழிற்பெயர், 'கு' நான்காம் வேற்றுமை உருபு. அந்தக் 'கு'வின் இடத்தில் ஆங்கில 'டு' நிற்கிறது. தொழிற்பெயரின் இடத்தில் 'வோக்கிங்' நிற்கிறது. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்தவளுக்கு ஆங்கிலத்தில் பாதி வழி கடந்தாயிற்று.

இன்னொரு பிழை காதினால் வருவது. 'யூஸ்ட்' என்பதன் கடைசி ஒலி அடுத்த 'டு'வில் கரைந்துவிடுவதால், எழுதும்போதும் பலர் 'டி' எழுத்தை விட்டுவிடுகிறார்கள். 'டிட்' வரும் இடத்தில் மட்டுமே 'யூஸ்' போதும். இன்றும் தொடரும் அன்றாட வழக்கத்தைச் சொல்ல 'யூஷுவலி' இருக்கிறது.

குர்ஆன் மத்ரஸாவில் ஒரு ஹரகத் பிழைத்தாலும் பொருள் மாறிவிடும் என்று சிறுவயதிலேயே கற்றவர்கள் நாம். அந்தக் கவனம் ஆங்கில வகுப்பிலும் வேண்டும். பிள்ளை சரளமாகப் பேசினால் போதும் என்றே பெற்றோர் பலர் டியூஷனுக்குப் பணம் கட்டுகிறார்கள். பேச்சில் தவறினால் எதிரில் இருப்பவரின் முகம் பார்த்துத் திருத்தலாம். கடிதமோ தனியாகப் போகிறது. விளக்கம் சொல்ல நாம் கூட இருப்பதில்லை.

ஆங்கிலம் துரை பங்களாவுக்கே உரியது என்ற எண்ணமும் நமக்கு வேண்டாம். மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளரின் வாழ்வை ஆங்கிலத்திலேயே எழுதினார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மகள் விண்ணப்பக் கடிதம் எழுதினால், ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'இப்போதும் செய்கிறாயா, விட்டுவிட்டாயா?' என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாத உம்மாவாலும் இதைக் கேட்க முடியும்.