வாடகை மலிவான நகரம் யாருக்கு மலிவு?

சென்னையை விட்டு வெளியேறி உள்மாவட்ட நகரம் ஒன்றில் குடியேறுவது நல்லது என்னும் பேச்சு சில ஆண்டுகளாக வலுப்பெற்று வருகிறது. 2015 பெருவெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் கடற்கரை நகரத்தின் மீது ஓர் அச்சத்தை விதைத்தன. பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குத் திரும்பிய மென்பொருள் பணியாளர்களில் ஒரு பகுதியினர் அங்கேயே தங்கிவிட விரும்பினர். அரசும் அதற்கேற்ப விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியிலும், சேலம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களில் அதே ஆண்டு செப்டம்பரிலும் நியோ டைடல் பூங்காக்களைத் திறந்தது. இதையொட்டி, எந்த நகரத்தில் வாடகை குறைவு, எங்கே தண்ணீர் தாராளம், எங்கே மருத்துவமனைகள் அருகில் உள்ளன என்னும் ஒப்பீடுகள் ஏராளமாக வெளிவருகின்றன. வேலைக்காகவோ படிப்புக்காகவோ இடம்பெயரவிருக்கும் தலித் இளைஞர்கள் இந்த ஒப்பீடுகளை நம்பி முடிவெடுக்கலாமா என்பதே நமது கேள்வி.

இவ்வகை ஒப்பீடுகளில் அதிகாரபூர்வமானது, ஒன்றிய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2021 மார்ச்சில் வெளியிட்ட வாழ்வதற்கு எளிய நகரங்களின் தரவரிசை. 111 நகரங்கள் அதில் மதிப்பிடப்பட்டன. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் சென்னை 4ஆம் இடமும் கோவை 7ஆம் இடமும் பெற்றன. அதற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்டவற்றில் சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10 என்று மூன்று தமிழ்நாட்டு நகரங்கள் முதல் பத்துக்குள் வந்தன. பெருமைப்பட வேண்டிய செய்திதான். வீட்டுவசதி, போக்குவரத்து, பொருளாதார ஆற்றல், குடிமக்களின் கருத்து என்று பலவும் அதில் அளக்கப்பட்டன. ஆனால், வாடகை கொடுக்க வசதியுள்ள ஒருவருக்குச் சாதி கேட்காமல் வீடு கிடைக்குமா என்னும் வினாவுக்கு அந்த அளவுகோலில் இடமில்லை. சராசரி மனிதனுக்கான அளவுகோல் அது. சராசரி மனிதனிடம் யாரும் குலதெய்வத்தின் பெயரைக் கேட்பதில்லை.

குலதெய்வம் என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பெரிதும் ஒழிந்துவிட்டதால், வீட்டு உரிமையாளர் வேறு வழிகளைக் கண்டறிந்திருக்கிறார். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, குலசாமி எங்கே இருக்கிறது, அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். கொங்குப் பகுதியில் சுற்றி வளைக்காமல் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்றே கேட்டுவிடுவார்கள். இவை எதிலும் பிடிபடாதவர் ஆதார் நகலில் பிடிபடுவார். முகவரியில் ‘காலனி’ என்னும் ஒரு சொல் இருந்தால் போதும். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால், ஏற்கெனவே அச்சாகிப் பணப்பையில் இருக்கும் அடையாள அட்டைகளை அது தானாகத் திருத்திவிடாது. இடம்பெயருமுன் முகவரியைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் ஆலோசனை கேட்டு வருவோருக்கு நாங்கள் சொல்வதுண்டு. இத்தகைய அறிவுரையைச் சொல்ல நேர்வதே வெட்கக்கேடு என்பதையும் அறிவோம்.

மறுப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் வராது. ஒரு நகரத்தில் இரண்டு படுக்கையறை வீடு 9,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வீடுகள் காலியாக இருக்கும்போது பத்தையும் பார்த்துப் பேரம் பேசக்கூடியவருக்கே அது 9,000 ரூபாய். ஏழு கதவுகள் மூடப்பட்டவர் எஞ்சிய மூன்றில் ஒன்றைக் கேட்ட வாடகைக்கு எடுத்தாக வேண்டும். அந்த மூன்றும் பேருந்து நிறுத்தத்திலிருந்து தொலைவிலோ, சாக்கடை ஓரத்திலோ, கழிவறைக் கதவு உடைந்தோ இருக்கலாம். தேடி அலையும் வாரங்களில் விடுதிக்கு வாடகை, இரண்டாம் தரகருக்குத் தரகு, வேலைக்கு விடுப்பு, கூடுதல் முன்பணம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ‘சைவம் மட்டும்’ என்ற பலகையின் கீழ் குடியேறியவர் ஞாயிற்றுக்கிழமை கறி தின்ன உணவகத்துக்குப் போக வேண்டும். ஆகவே, வாடகை மலிவு என்பது நகரத்தின் இயல்பு மட்டும் அன்று. தேடுபவர் யார் என்பதையும் பொறுத்தது.

பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் தில்லித் தலைநகர்ப் பகுதியில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இதை முறையாக மெய்ப்பித்தது. ஒரே தகுதியுடைய ஆதிக்கச் சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் ஒரே வகை வீடுகளுக்கு விசாரித்தார்கள். ஆதிக்கச் சாதிப் பெயருக்குக் கதவு ஏறக்குறைய எப்போதும் திறந்தது. தலித்துகள் கணிசமாக மறுக்கப்பட்டனர். முஸ்லிம்கள் அதைவிட அதிகமாக மறுக்கப்பட்டனர். தொலைபேசியில் இருந்ததைக் காட்டிலும் நேரில் சென்றபோது மறுப்பு கூடியது. தமிழ்நாட்டின் உள்மாவட்ட நகரங்களிலும் இம்முறையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நகரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கோவைக்குச் சிறுவாணி நீர் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. பஞ்சாலை, பம்புசெட்டு, மென்பொருள் என்று பலவகை வேலைகள் இருக்கின்றன. சென்னைக்கு அடுத்து அதிக வேலை கிடைக்கும் நகரம் என்று அதை யாரும் தயங்காமல் சொல்வர். ஆனால், கோவையின் விளிம்புகள் இன்னும் ஊரும் சேரியுமாகவே பிரிந்து கிடக்கின்றன. 2011இல் மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது சுற்றியிருந்த பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் வார்டுகளாயின. வார்டு எண் கிடைத்ததால் அவற்றின் உள்கோடுகள் அழிந்துவிடவில்லை. நகரின் குளக்கரைகளில் வாழ்ந்த உழைக்கும் குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டுக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற தொலைதூர அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டதையும், குளக்கரைகள் அழகிய நடைபாதைகளானதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாழ்க்கைத் தரம் உயர்ந்த கணக்கு முழுமையாகும். அதே மாவட்டத்தின் மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை ஒரு வசதியான வீட்டின் சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து தலித் மக்கள் 17 பேர் இறந்தனர். மழையால் இடிந்தது என்றார்கள். அந்த உயரத்தில் ஒரு சுவர் எதற்காக எழுப்பப்பட்டது என்று கேட்டுப் போராடியவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்திக் கைது செய்தது. திருப்பூரைப் பற்றி ஒரு வரி போதும்: அந்த ஊர் தொழிலாளியைத் தேடும் வேகத்தில், தொழிலாளிக்கு லைன் வீட்டைத் தாண்டி ஓர் இருப்பிடத்தைத் தேடியதில்லை.

மதுரையில் செலவு கோவையைவிடக் குறைவு. வெயில் அதிகம், நிலையான பெரிய வேலைவாய்ப்புக் குறைவு. ஒத்திக்கு வீடு கிடைக்கும் வழக்கம் அங்குப் பரவலாக இருப்பதால், கையில் ஒரு தொகை உள்ள குடும்பம் மாத வாடகையிலிருந்து தப்பிக்கலாம். சாதி மோதல்களின் நினைவுகளால் மதுரை மாவட்டத்துக்குக் கெட்ட பெயர் உண்டு. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றோரும் கொல்லப்பட்டதும், உத்தப்புரத்தில் இருபதாண்டுகள் நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே மாதம் இடிக்கப்பட்டதும் அம்மாவட்டத்தில்தான். ஆயினும், ஒடுக்குமுறை வெளிப்படையாக இருக்கும் இடத்தில் எதிர்ப்பும் அமைப்பாகத் திரண்டிருக்கிறது. 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை அங்கே செயல்படுகிறது. வன்கொடுமை வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் இருக்கிறது. திருச்செங்கோட்டில் கடத்தப்பட்ட கோகுல்ராஜின் கொலை வழக்கு நாமக்கல்லிலிருந்து மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றத்தில்தான் தண்டனையில் முடிந்தது. ஒரு நகரத்தில் வாழ முடியுமா என்று மதிப்பிடும்போது, அநீதி நேர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் ஒரு வழக்குரைஞரையும் ஓர் அமைப்பையும் எட்ட முடியும் என்பதையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும். கோவையில் குடியிருப்பவர் உயர் நீதிமன்றத்துக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்குத்தான் வர வேண்டும்.

எங்களைக் கேட்டால், இந்த ஒப்பீட்டில் குறைவாகப் பேசப்படும் திருச்சியை முன்னே வைப்போம். காவிரி நீர் ஒரு காரணம். மாநிலத்தின் நடுவில் இருப்பது இன்னொரு காரணம். முதன்மையான காரணம் வேறு. பொன்மலை ரயில்வே பணிமனை, பெல் நிறுவனம், படைக்கலத் தொழிற்சாலை ஆகியவற்றின் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கியது பணி மூப்பும் பதவி நிலையும். வீட்டு உரிமையாளரின் மனம் அன்று. இடஒதுக்கீட்டின் வழியே பணியில் சேர்ந்த தலித் குடும்பங்களின் ஒரு தலைமுறை அங்கே பலரோடும் பக்கத்து வீட்டாராக வளர்ந்தது. ஓய்வு பெற்றவர்கள் சுற்றுப்புறத்தில் சொந்த வீடு கட்டினர். மாடியை வாடகைக்கு விட்டனர். தலித்துகள் வீட்டு உரிமையாளர்களாகவும் இருக்கும் பகுதியில் வாடகைச் சந்தையின் இயல்பே மாறுகிறது. பொதுத்துறை தனியார்மயமாவதை வேலை இழப்பாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த இழப்பையும் சேர்த்து எண்ண வேண்டும். திருச்சியும் சாதியற்ற நகரம் அன்று. மேலப்புதூரில் கிறித்தவக் கல்லறைக்குள்ளேயே தலித்துகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பப்பட்டிருந்தது. சேலத்தைப் பற்றி இவ்வளவு விரிவாகச் சொல்ல எதுவுமில்லை: வாடகை குறைவு, உருக்காலையின் பொற்காலம் கடந்துவிட்டது, புதிய வேலைகள் இனிமேல்தான் வர வேண்டும்.

பெண்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. திருச்சி, சேலம், வேலூர் முதலிய ஊர்களில் அரசு நடத்தும் ‘தோழி’ விடுதிகளில் பணிபுரியும் பெண்கள் தங்கலாம். தரகரும் இல்லை, குலசாமி விசாரணையும் இல்லை.

இனி, சட்டம். வீடு மறுக்கப்பட்டவர் காவல் நிலையத்துக்குப் போனால், ‘அவர் வீடு, அவர் விருப்பம்’ என்னும் பதிலே வரும். இது சட்டம் அறியாதவரின் பதில். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு ஒன்றைக் கட்டவோ பெறவோ அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் அடிப்படையில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 12ஆம் பிரிவு கூறுகிறது. மறுத்து மெய்ப்பிக்கும் சுமை எதிரியுடையது. தலித் கிறித்தவருக்கு 4ஆம் பிரிவு உண்டு, 12ஆம் பிரிவின் அனுமானம் இல்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின் அநீதி இங்கும் நீள்கிறது. தண்டனை ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100 முதல் 500 ரூபாய். இன்றைய நிலையில் அது ஒரு தரகரின் ஒரு நாள் பெட்ரோல் செலவு.

அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பில் உள்ள ‘கடை’ என்னும் சொல்லுக்கு, சேவையை விலைக்கு வழங்கும் எவரையும் உள்ளடக்கும் விரிந்த பொருள் உண்டு என்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்றது. வாடகை வீடும் பொதுச் சந்தையில் வைக்கப்படும் ஒரு சேவையே என்று வாதிட இது போதும். எதிர்த்திசையிலும் ஒரு தீர்ப்பு நிற்கிறது: 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்புரிமை என்னும் துணைவிதி செல்லும் என்று அதே நீதிமன்றம் கூறியது. 1917இல் பரோடா அரசுப் பணிக்குச் சென்ற அம்பேத்கரைத் தடியோடு வந்து வெளியேற்றியது ஒரு பார்சி விடுதியிலிருந்து என்பதை நினைவில் வைத்து அத்தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

குடியேறிய பிறகு சாதி தெரிந்து காலி செய்யச் சொல்வதே நாங்கள் அதிகம் கேள்விப்படுவது. இங்குச் சட்டம் சற்று வலுவானது. பட்டியல் சாதியினரைத் தம் இருப்பிடத்தை விட்டு வெளியேறச் செய்வது வன்கொடுமைகள் தடுப்புச் சட்டத்தின் 3(1)(z) பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. சாதி சொல்லி இழிவுபடுத்திய குற்றத்துக்கோ பொதுப் பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நான்கு சுவர்களுக்குள் சொன்னது அதில் வராது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே, இழிசொல்லை மட்டும் நம்பிப் புகார் எழுதாதீர்கள். வெளியேற்றத்தை முதன்மையாக எழுதுங்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது. ஆனால், சாதியின் பெயரால் வாடகைக்கு விட மறுப்பதைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஒன்றிய அரசின் 2021 மாதிரிச் சட்டத்திலும் இல்லை. சட்டமன்றத்தில் ஒரு திருத்தத்தின் மூலம் இதைச் சேர்க்கலாம்.

திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தரகரின் வாட்ஸ்அப் செய்திகளையும் அழைப்புப் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றுடன் அவை நீதிமன்றத்தில் ஏற்கப்படும். ‘வீடு போய்விட்டது’ என்று உங்களிடம் சொல்லப்பட்ட அதே மாலையில், வேறு சமூகத்து நண்பர் ஒருவரை அதே வீட்டுக்கு விசாரிக்கச் சொல்லுங்கள். இரண்டு பதில்களையும் நேரத்துடன் குறித்து வையுங்கள். கோவை, மதுரை, திருச்சி, சேலம் கல்லூரிகளின் மாணவர் அமைப்புகள் ஒரு பருவத்தில் நகருக்கு ஐம்பது ‘வாடகைக்கு’ அறிவிப்புகளை இம்முறையில் சோதித்தால், தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்தின் முன் வைக்க நம்மிடம் ஓர் ஆவணம் இருக்கும். வினாப்பட்டியலையும் சான்றுப் படிவத்தையும் தயாரித்துத் தர வழக்குரைஞர்கள் நாங்கள் அணியமாக இருக்கிறோம்.