சூட்கேஸில் கிடைத்தால் உண்மையாகிவிடுமா?



ஒரு பழைய வீட்டில் மராமத்து வேலை நடக்குது. கராஜ் சுவரை உடைத்தால் உள்ளே சூட்கேஸ்கள். அதற்குள் கட்டுக்கட்டாகத் தாள்கள்.

சினிமா கதை இல்லை. கேஜிபியின் முதல் தலைவர் இவான் செரோவின் குறிப்புகள் இப்படித்தான் கிடைத்தன என்கிறது அவர் குடும்பம். செரோவ் 1990ல் இறந்தார். புத்தகம் ரஷ்யாவில் வெளிவந்தது 2016ல்.

உடனே சர்ச்சை. எது அன்றன்று எழுதிய நாட்குறிப்பு, எது பல வருஷம் கழித்து எழுதிய நினைவு, எங்கெல்லாம் பதிப்பாசிரியர் கை பட்டிருக்கு? ஆய்வாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

இது ஏதோ புத்தகப் புழுக்களின் சண்டை என்று தள்ளிவிட முடியாது. இதில் ஒரு மனிதனின் மரணம் இருக்கு. ரவுல் வாலன்பெர்க், புடாபெஸ்டில் ஆயிரக்கணக்கான யூதர்களைக் காப்பாற்றிய ஸ்வீடன் தூதரக அதிகாரி. 1945 ஜனவரியில் சோவியத் படை பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வரவே இல்லை. 1947 ஜூலையில் சிறையில் மாரடைப்பால் இறந்தார் என்று 1957ல் சோவியத் அரசு அறிவித்தது. அப்போது கேஜிபி தலைவர் யார்? இதே செரோவ்தான்!

அவர் பெயரில் வந்த புத்தகமோ, வாலன்பெர்க் கொல்லப்பட்டார் என்கிறது. உத்தரவு ஸ்டாலின், மொலோடோவிடமிருந்து வந்ததாக முன்னாள் அரசுப் பாதுகாப்புத் துறை (உளவுத்துறை) அமைச்சர் அபாகுமோவ் விசாரணையில் சொன்னாராம். அந்த அபாகுமோவ் செரோவின் பரம எதிரி. 1954லேயே சுட்டுக் கொல்லப்பட்டவர். அவரிடம் போய் யார் கேட்பது?

இங்கேதான் ரெண்டு கேள்வியைக் குழப்பிக்கக் கூடாது. ஒன்று, இதை எழுதியது செரோவ்தானா? இன்னொன்று, எழுதியது உண்மையா? தாள், மை, கையெழுத்து எல்லாம் சோதித்தால் முதல் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும். லட்சக்கணக்கான மக்களை நாடு கடத்தியதில் பங்கு வகித்த அதிகாரி, சொந்த டைரியில் மட்டும் அரிச்சந்திரனாக இருப்பாரா?

ரெண்டாவது கேள்விக்கு வழி ஒன்றுதான். மூலத் தாள்களை ஆய்வாளர்கள் கையில் கொடுக்கணும். வாலன்பெர்க் விசாரணைக் கோப்புகளை மாஸ்கோ முழுசாகத் திறக்கணும். கோப்பு பூட்டிக் கிடக்கும்வரை, சூட்கேஸ் பேசுவதுதான் வரலாறு ஆகும்.

லேபில் ஒரே ஒரு ரீடிங் எடுத்துவிட்டு ரிசல்ட் எழுதினால் சார் ரெக்கார்டைத் திருப்பி எறிவார். வரலாற்றுக்கும் அதே விதிதான். நமக்குப் பிடித்ததைச் சொல்கிறது என்பதற்காக ஓர் ஆவணம் உண்மை ஆகாது. பிடிக்காததைச் சொல்வதால் பொய்யும் ஆகாது.

ஷேர் பண்ணும் முன் கேளுங்கள் தோழர்களே: மூலம் எங்கே? வேறு சாட்சி உண்டா?