நரம்பணுவின் சட்டகமும் ஒரு துளி இரத்தமும்

குழந்தையின் எலும்பு முற்றுவதைப் பற்றிக் கவலைப்படாத பாட்டி நம் நாட்டில் இல்லை. ஆனால் அச்சிசுவின் மூளையிலுள்ள ஒவ்வொரு நரம்பணுவுக்குள்ளும் புரதத்தாலான சட்டகம் ஒன்று உண்டென்பதும், ஜனனத்திற்குப் பின்னரே அது முற்றி உறுதிப்படுகிறதென்பதும் படித்தவர்களிலும் பலர் அறியாத செய்தி. மில்லிமீட்டரை 40,000 கூறிட்டால் வரும் ஒரு கூறே பருமனாகவுடைய நுண்குழல்கள் அச்சட்டகத்தின் பிரதான உறுப்புக்கள். கருவிலே இவை, பந்தற்கால்களைப் போல, நடப்படுவதும் பிடுங்கப்படுவதுமாக இருக்கும்; நரம்பணுவின் கிளை எத்திசை செல்லுமென்று நிச்சயமாகாத காலத்தில் அந்த நெகிழ்ச்சியே அவசியம். பிறந்தபின், நுண்குழல்களைப் பிணிக்கும் டௌ என்னும் புரதம், குழல்களை இன்னும் இறுகப் பற்றும் முதிர்ந்த உருவங்களை மேற்கொள்கிறது.

இவ்விருத்தியை நடத்துவனவற்றுள் முக்கியமானது தைராய்டுச் சுரப்பு. பிரான்ஸில் ழாக் நூனெஸ் குழுவினரும், கொல்கத்தாவின் இந்திய ரசாயன உயிரியல் நிலையத்தில் பி. கே. சர்க்கார் குழுவினரும் எலிக்குஞ்சுகளின் மூளையை ஆராய்ந்து, நுண்குழல்களின் விருத்தி அச்சுரப்பை எவ்வளவு சார்ந்திருக்கிறதென்று காட்டினர். சுரப்புக் குறைந்தவிடத்து, காலம் தவறியபின் அதை மருந்தாக அளித்தால் கிட்டும் பயன் சொற்பமே.

மணமேல்குடிக் கடலோரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுவதற்குக் காரணமுண்டு. தைராய்டுச் சுரப்புக்கு அயோடின் வேண்டும்; மீன் உண்பவர்க்கு அயோடின் குறை ஏது என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமி 1956-இல் காங்க்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வின் பயனாகப் பரவிய அயோடின் உப்பு நாட்டுக்குச் செய்த உபகாரம் பெரிது. எனினும், தைராய்டுச் சுரப்பியே சரிவர அமையாது பிறந்த குழந்தைக்கு உப்பாலும் பயனில்லை, மீனாலும் பயனில்லை. உலகில் ஏறக்குறைய 2,000 முதல் 4,000 குழந்தைகளுக்கு ஒன்று இவ்வாறு பிறக்கிறது. தாயின் சுரப்பு கருவிலே காத்தமையால் முதல் நாட்களில் குறையொன்றும் தெரியாது; அழாமல் தூங்கும் அக்குழந்தையைச் சமத்துப் பிள்ளையென்று உறவினர் மெச்சுவதும் உண்டு!

குதிகாலில் குத்தியெடுக்கும் சில துளி இரத்தம் குறையைக் காட்டிவிடும். இரண்டு வாரத்திற்குள் தைராக்ஸின் என்னும் அச்சுரப்பு மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகள் மற்றவரைப் போலவே வளர்வார்கள். மணமேல்குடி வட்டாரத்தில் பிறக்கும் ஒரு குழந்தைக்கும் இச்சோதனை தவறலாகாது. ஆயினும் இரத்தம் எடுப்பதோடு காரியம் முடிந்ததென்று கருதுவது பிழை. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தவள் சில நாளில் மருத்துவமனையை விட்டுச் செல்கிறாள். பதிவேட்டிலோ கணவன் ஊர் விலாசம் இருக்கும். சோதனை முடிவு அவ்விலாசத்தைத் தேடி அலையும்போது இரண்டு வாரம் கழிந்துவிடும். ஆகவே, கர்ப்பிணிகளுக்குத் தரப்படும் பிக்மி பதிவெண்ணோடு தாய்வீட்டுத் தொலைபேசி எண்ணையும் பதிந்து, முடிவை அவ்வூர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமே நேரில் சேர்ப்பிக்கும் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறை செய்யவேண்டும்.